எட்டு எழுத்துள்ள தெசிரே

மூவாயிரத்து இருநூறு. மொத்தம் நாற்பத்தோராயிரம் கோப்பு. மணி பதினொன்று ஐந்து. செலஸ்தின் அக்கா பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். போன தடவை மாதிரியே, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அதற்குள் இது முடிந்துவிடும், முடியவேண்டும், முடியாவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைக்கலாம். உட்காரவைத்து என்ன பேசுவது? மழை பற்றிப் பேசலாம். மூவாயிரத்து முன்னூறு. பழைய ஹார்ட் டிஸ்க், கிழட்டு மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கோப்பாக எடுத்துக் கொடுக்கிறது, நடுவில் வேறு எதையாவது கேட்டால் அப்படியே படுத்துவிடும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே தையல் கடையில் இரண்டு மெஷின் ஓடுகிறது, அதற்கு மேலே முத்தியால்பேட்டையிலேயே சின்னதான இந்த அறை, எலி வளையானாலும் தனி வளை, ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது, ஏனென்றால் இன்று காலை நான் கண்டுபிடித்தது என்னுடைய தப்பைத்தான். ஆனால் தப்பு எங்கே என்று தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்துபோவதற்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, இருபது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிற இந்தத் தொழிலில் என்னைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். காலையில் மரியதாஸிடம் போனில் சொன்னேன், ஏங்க, கிடைச்சிடுச்சுங்க. என்ன கிடைச்சுது, நகையா என்றார். தப்பு கிடைச்சுது என்றேன். அதுக்கா இந்தக் குதி குதிக்கிற, சாயங்காலம் வரும்போது மீன் வாங்கிட்டு வா என்று வைத்துவிட்டார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியும் அந்த மனிதருக்கு இது புரியவில்லை, பரவாயில்லை, அவர் வண்டி எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சிரிப்பது எனக்கும்தான் புரியவில்லை.

எப்படிக் கிடைத்தது என்பதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருக்கிறது, சொல்ல ஆள் இல்லாததால் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பழைய பிறப்புப் பதிவேட்டின் பெயர்ப்பட்டியலை மாதிரிக்கு அச்சடித்துப் பார்க்க, டிஸ்க்கிலிருந்து கொஞ்சம் பெயர்களை எடுத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், எந்தப் பெயர் எவ்வளவு நீளம் என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னேன், தெசிரே என்ற பெயருக்கு எட்டு என்றது. பிரெஞ்சில் அது ஆறெழுத்து, Désiré. விரல்விட்டு எண்ணினேன், ஆறு. மறுபடி எண்ணச் சொன்னேன், எட்டு. அந்தப் பெயரில் இரண்டு 'எ' வருகிறது, இரண்டின் தலையிலும் சாய்வாக ஒரு கீற்று. கீற்றோடு சேர்ந்த எழுத்து முழுவதற்கும், எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் ஒரே எண் உண்டு. அது வேண்டாம் என்றால் வெறும் எழுத்துக்கு ஓர் எண், அதன்மேல் உட்காரும் கீற்றுக்குத் தனியாக ஓர் எண் என்று பிரித்தும் எழுதலாம், இரண்டும் சட்டப்படி சரி. நம் எழுத்திலும் உண்டு, 'கொ' எழுதும்போது முன்னால் கொம்பு, பின்னால் கால், அவை இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகவும் இருக்கலாம், கொம்புக்கு ஒன்று காலுக்கு ஒன்று என்று இரண்டாகவும் இருக்கலாம், திரையில் பார்த்தால் கண்ணுக்குத் துளி வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. அதற்கு எண்தான். ஆறு எண்ணும் எட்டு எண்ணும் அதற்கு வேறு வேறு ஆள். அப்படியே உட்கார்ந்திருந்தேன், பஜ்ஜி கையில் ஆறிப்போயிற்று. டிஸ்க்கில் இருக்கிற தெசிரே எல்லாரும் எட்டு. நான் தேடும் பெட்டியில் கீபோர்டால் அடிக்கிற தெசிரே ஆறு. அப்படியானால் கடந்த மூன்று மாதமாக இந்த அறைக்கு வந்து யார் கீற்று வைத்த பெயரைச் சொல்லியிருந்தாலும், அந்தப் பெயர் பதிவேட்டில் கொட்டை எழுத்தில் இருந்திருந்தாலும், நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாயிரம். அருளப்பன் சாரைக் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார், பழைய பதிவேடுகளைக் காப்பாற்றி வைக்கிற எங்கள் சங்கத்துக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி, ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருக்கிற பெயரையே கோப்பின் பெயராக வைத்தார். ஒரு கீற்று விடமாட்டார், ஒரு வால் விடமாட்டார். எல்லாவற்றையும் வீட்டில் மகள் வாங்கிக் கொடுத்த மேக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்தார். அவருடைய அந்தப் பழைய மேக்கின் குணம் அது, கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கீற்றை எழுத்திலிருந்து கழற்றித் தனியாக வைத்துக்கொள்ளும், கேட்டாலும் சொல்லாது. எனக்கு அது தெரியும். தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல். எட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன், இரண்டு பெயரை ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவா, அப்புறம் ஒப்பிடு என்று. ஒரே ஒரு வரி. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப் பானையில். சார் டிஸ்க்கைக் கொடுத்தபோது, பேரையே கோப்புல வச்சுட்டேன், உனக்கு வேலை மிச்சம் விண்ணரசி என்றார், நானும் ஆமாம் சார் மிச்சம்தான் என்று கோப்பின் பெயரிலிருந்தே பட்டியலை எடுத்துவிட்டேன். அதோடு விட்டேனா, வேகமாகத் தேடவேண்டும் என்று ஒவ்வொரு பெயரையும் ஓர் எண்ணாகச் சுருக்கி அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன், அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து முதலில் இருந்து எடுக்கவேண்டியிருக்கிறது. சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தேன். எப்படிப் பார்த்தேன்? புரோகிராம் எழுதுகிற எல்லாரும் பார்க்கிற மாதிரிதான், என் வீட்டுப் பெயரை அடித்துப் பார்த்தேன். ஆரோக்கியம். அப்பாவைப் பெற்றவர். உடனே வந்து நின்றார், பிறந்த தேதியோடு. அதில் கீற்றும் இல்லை ஒன்றும் இல்லை. அடுத்து மரியதாஸ் வீட்டுப் பெயர், அதிலும் இல்லை. இரண்டும் வந்துவிட்டது, நான் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய் இளநீர் குடித்தேன். உலகத்தில் பாதி மென்பொருள் அதை எழுதினவனுடைய பெயருக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் என்று நானே எத்தனை முறை கிண்டல் பண்ணியிருப்பேன்.

பதினாறாயிரத்து எழுநூறு. தூறல் நின்றுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை செலஸ்தின் அக்கா தூறலோடுதான் வந்தாள், புடவைத் தலைப்பால் ஒரு பிளாஸ்டிக் பையை மூடிக்கொண்டு. உள்ளே அவளுடைய அப்பாவின் பழைய அடையாள அட்டை, எழுத்தெல்லாம் அழிந்து பேர் மட்டும் தெரிகிறது, தெசிரே. பொறந்த வருஷம் சரியாத் தெரியலம்மா, முப்பத்திரண்டும்பார், முப்பத்தஞ்சும்பார், கேக்கற ஆளைப் பொறுத்து சொல்லுவார் என்று சிரித்தாள். தாத்தா பாட்டி பெயரும் அவர்கள் இருந்த தெருவும் சொன்னாள். அறுபது வயது இருக்கும், ஒரு பல் போயிருக்கிறது, சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறாள். அவர் இறந்து நாலு மாதம் ஆகிறது. அவர்களுக்குக் குடும்பக் கல்லறை உண்டு, அது அவருடைய அண்ணன் பிள்ளைகள் பேரில் இருக்கிறது, அவர்கள் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அடக்கம் பண்ணச் சம்மதித்தார்கள். கல்லில் பெயர் வெட்டலாமா என்று கேட்டதற்கு, உங்க அப்பா எங்க தாத்தாவுக்குப் பொறந்த பிள்ளை இல்ல, எடுத்து வளத்த பிள்ளை, படுக்க இடம் கொடுத்தாச்சு, பேரெல்லாம் வேணாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதும் இந்தப் பேச்சு வந்திருக்கிறது. நான் அந்த வீட்டுப் பிள்ளைதான், எங்கப்பாதான் என்னைத் தூக்கிட்டுப் போய் பதிஞ்சார் என்று அவர் சொல்வாராம், சாப்பிடும்போது, மழை பெய்யும்போது, சும்மா இருக்கும்போது. இன்னும் ஒன்பது நாளில் கல்லறைத் திருநாள். ஊரே போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூப் போட்டு, எழுத்துக்குக் கறுப்பு மை தீட்டும். எங்க அப்பாவுக்கு மட்டும் தீட்டறதுக்கு எழுத்து இல்லம்மா என்றாள். நான் தெசிரே என்று அடித்தேன். கீற்றெல்லாம் வைத்து, சரியாக. பூஜ்யம் என்று வந்தது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநாலு, முப்பத்தைந்து, எல்லா வருஷத்திலும் பார்த்தேன். இல்லக்கா என்றேன்.

இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது, எத்தனை முறை யோசித்தாலும் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. இல்லக்கா என்று நான் சொன்ன விதம். தேடினதில் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் இல்லை என்றேன், அவ்வளவு நிச்சயமாக, நான் என்னமோ அந்தப் பதிவேட்டை எழுதின வெள்ளைக்காரக் குமாஸ்தா மாதிரி. அவள் சரிம்மா என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. இல்லைன்னு ஒரு கடுதாசி அடிச்சு கையெழுத்துப் போட்டுக் குடு, அத அவங்களுக்கு அனுப்பிட்டா பிரச்சினை தீந்துடும், இனிமே நான் கேக்க மாட்டேன் என்றாள். அடுத்த செவ்வாய் வாங்க என்றேன். அடித்து வைத்திருக்கிறேன், இதோ மேசைமேல் இருக்கிறது, என் கையெழுத்தோடு. இந்த ஒரு வாரமும் நான் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அவளுக்குப் போன் போடலாம் என்று காலையில் எடுத்தேன், போட்டு என்ன சொல்வது? இருக்கலாம்க்கா என்றா? ஒரு தடவை இல்லை என்றதையே தாங்கிக்கொண்டாள், இருக்கலாம் என்று சொல்லி மறுபடியும் இல்லை என்று சொன்னால்? தெசிரே என்ற பெயர்கள் இதில் வராமல் போயின என்பதுதான் எனக்குத் தெரியும், அவளுடைய தெசிரே இதில் இருக்கிறாரா என்பது தெரியாது. அண்ணன் பிள்ளைகள் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். டிஸ்க் படுத்துவிடும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் காலையில் இதை ஓடவிடுவதற்கு முன்னால் முப்பத்திரண்டிலிருந்து முப்பத்தைந்து வரை திறந்து கண்ணால் ஒரு ஓட்டம் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. பயம். கண்ணால் தேடி இல்லாமல் போனால் அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் திண்டாடுவேன். அதைவிட, கண் தேடினால் எனக்கு வேண்டியதைத்தான் தேடும். இது ஓடி முடிக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி.

இருபத்தெட்டாயிரம். பதினொன்று நாற்பது. நடுவில் லாக் என்கிற தேடல் பதிவைப் பார்த்தேன், அது இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, டிஸ்க்கைத் தொடவேண்டாம். எந்தப் பெயரைத் தேடி எதுவும் கிடைக்காமல் போனது என்பதை அது தேதியோடு எழுதிவைத்துக்கொள்ளும், ஏன் எழுதச் சொன்னேன் என்று நினைவில்லை, வழக்கமாகச் செய்வது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். ரெனே, எதுவார், எலேன், ஒனோரே. ஒனோரேயைத் தேடி வந்தது அந்த உயரமான ஆள், குடையை வைத்துவிட்டுப் போய்த் திரும்பிவந்து எடுத்துக்கொண்டவர். எலேனைத் தேடி வந்தது தாயும் மகளும். மகள், நான்தான் சொன்னேனே இருக்காதுன்னு என்று அம்மாவைக் கோபித்துக்கொண்டே இறங்கிப்போனாள். நான் அப்போது அந்த மகள் பக்கம்தான் இருந்தேன், மனசுக்குள். சாயங்காலம் வரை ஒவ்வொருவருக்கும் போன் போடவேண்டும், இரண்டு நாள் ஆகலாம், ஆகட்டும். இதை நினைத்தால் பாரமாக இருக்கவேண்டும், எனக்கென்னவோ கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவள் மாதிரி சுறுசுறுப்புத்தான் வருகிறது. ஐயா, உங்க பாட்டன் இருக்காருங்க. எத்தனை பேருக்குச் சொல்லக் கிடைக்கும் இப்படி. திட்டுவார்கள், திட்டட்டும். சங்கத்தில் என்ன சொல்வது என்று ஒரு யோசனை. கம்ப்யூட்டரில் கோளாறு என்று சொன்னால் ஒரு பயல் கேள்வி கேட்கமாட்டான், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான், அந்த வார்த்தைக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை. மேக்கில் கோளாறு என்று சொல்லலாம், அருளப்பன் சார் பாவம், நம்பி ராத்திரி முழுக்க வருத்தப்படுவார். கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் இருந்தது. எட்டை எட்டு என்றுதான் சொன்னது. நான் எழுதவேண்டிய ஒரு வரியை எழுதவில்லை. அதைச் செலஸ்தின் அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றிலும் கடைசியில் என்னை நானே கொஞ்சம் மன்னித்துக்கொள்கிறேன்.

நாற்பதாயிரம். கீழே தையல் மெஷின் நின்றிருக்கிறது, சாப்பாட்டு நேரம். நாற்பத்தோராயிரம். முடிந்தது, மணி பதினொன்று ஐம்பத்துமூன்று. தேடும் பெட்டியில் தெசிரே என்று அடிக்கிறேன், இந்த முறை அடிப்பதையும் பட்டியலில் இருப்பதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுகிற அந்த ஒரு வரி உள்ளே இருக்கிறது. பத்தொன்பது தெசிரே. முப்பதிலிருந்து முப்பத்தாறு வரை என்றால் மூன்று. முதலாமவர் காரைக்கால், இல்லை. இரண்டாவது, தகப்பன் பெயர் பொருந்தவில்லை. மூன்றாவதைத் திறக்கிறேன், படம் மேலிருந்து கீழாக மெதுவாக வருகிறது, பழுப்புக் காகிதம், ஓரத்தில் கறையான், சாய்ந்த கையெழுத்து, எனக்கு யார் இவர், இவ்வளவு பதறுவதற்கு, தகப்பன் பெயர் லூயி. லூயி மரி. ஆலை மேஸ்திரி. அவள் சொன்ன தெரு. அவள் சொன்ன பெயரில் மனைவி. படித்துக்கொண்டே போய் ஒரு வரியில் நின்றேன், மறுபடி படித்தேன், என் பிரெஞ்சு பாதிப் பிரெஞ்சுதான், ஆனால் அந்த வரி தெளிவாக இருந்தது. மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"வாங்கக்கா."

"கடுதாசி அடிச்சிட்டியாம்மா?" உட்காராமலே கேட்டாள். "பஸ்ஸு பன்னெண்டேகாலுக்கு."

மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா, உங்க அப்பா இருக்காரு" என்றேன். "போன வாரமும் இருந்தாரு. நான் தேடுறதுக்கு எழுதின முறைல தப்பு. இல்லைன்னு சொன்னது நான் பண்ண தப்பு."

அவளுக்கு உடனே புரியவில்லை. திரையைத் திருப்பினேன். பெயரைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவளுக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியும், விரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, இரண்டு கீற்றும் இருக்கிற இடத்தில் நிறுத்தினாள். திரைக் கண்ணாடியில் விரல் பட்ட இடம் ஈரமாயிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தாள்.

"யாரு தூக்கிட்டுப் போனாங்கன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்குக்கா. அவங்க அப்பாதான். லூயி மரி."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போல இருந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, தனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி, "ஒரு வாரமா நான் அவரு படத்துக்கு முன்னால நிக்கல" என்றாள். "மெழுவத்தி கொளுத்தல. இத்தன வருஷம் பொய் சொல்லி எங்கள ஏமாத்திட்டாரேன்னு அவ்வளவு கோவம். நீ ஒருவாட்டி இல்லேன்னு சொன்ன, அத நம்பிட்டேன் பாரு. அவரு அறுவது வருஷமா சொன்னத நம்பல."

வெட்கமாக இருந்தது, ஆனால் அதற்குள்ளேயும் அவள் அப்பா கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் இருந்தது. பஸ் போயிடும்க்கா என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போவட்டும் என்றாள். என்ன எழுதியிருக்குன்னு மொத்தமும் படி என்றாள். நான் தலைப்பிலிருந்து தமிழாக்கிப் படித்தேன், தப்பும் தவறுமாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம், செப்டம்பர் மாதம் பதினோராம் தேதி, காலை பத்து மணிக்கு, பதிவு அதிகாரியான எங்கள் முன்னால், முப்பத்தொரு வயதுள்ள, ஆலை மேஸ்திரியான லூயி மரி என்பவர் நேரில் வந்து, தமக்கும் தம் மனைவிக்கும் மூன்று நாள் முன்பு தம் வீட்டில் பிறந்த ஓர் ஆண்பிள்ளையை எங்களுக்குக் காட்டி, அவனுக்குத் தெசிரே என்று பெயர் வைக்க விரும்புவதாகச் சொன்னார். நிறுத்தினேன். அவள் வாயை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காட்டினது வரைக்கும்" என்றாள், "இன்னொரு வாட்டி படி."